பலகைச் சுவர்

நகலெடுக்கும் பொறியின் மூடியைத் தூக்கினேன்.
கண்ணாடியில் குப்புறக் கிடந்தது
துர்காஷினியின் சம்பளச் சீட்டு.

படித்திருக்கக் கூடாது.
படித்தேன்.
கடைசி வரியில் இருந்த எண்
என் வீட்டுக் கடனும் கார் தவணையும்
கூட்டினால் வரும் எண்.
அதற்குமேல்தான் நான் சாப்பிடுகிறேன்.

பாகாவிலிருந்து பதினொரு கிலோமீட்டர்
செம்பனை லாரியின் புழுதிக்குப் பின்னால்
மோட்டாரில் வருகிறாள்.
மழைக்கோட்டுக்குள் பை,
பைக்குள் முப்பத்தொரு பயிற்சிப் புத்தகம்.
எனக்கும் முப்பத்தொன்றுதான்.
அவள் ஐந்து மல்லிகை. நான் ஐந்து தாமரை.
நடுவில் மடக்குப் பலகைச் சுவர்.
அங்கே ஏழாம் வாய்ப்பாடு ஓடினால்
இங்கே என் பிள்ளைகளின் உதடு அசையும்.

இரண்டு மாதத்துக்கு முன்
முகிலரசன் சார் கடிதம் ஒன்றைச் சுற்றுக்கு விட்டார்:
ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும் நிரந்தரமானவருக்கும்
ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்.
பேனா என்னிடம் வந்தபோது சொன்னேன்:
"நாங்க மட்டும் வந்த அன்னைக்கேவா வாங்கினோம்?
தற்காலிகமா ஆறு வருசம்.
டிசம்பர் வந்தா அந்தச் சம்பளமும் கெடையாது."
துர்காஷினி கோப்பை மீயில்
வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
"ஆமா டீச்சர்" என்றாள்.
அதில் கோபம் இருந்திருந்தால்
பதிலாவது சொல்லியிருப்பேன்.

பிறகு என் முட்டியில் அறுவை.
சிரம்பானில் தங்கை வீட்டில்
காலை நீட்டியபடி நாற்பது நாள்.
பதிலுக்கு ஆள் வரவில்லை.
சுவரை மடக்கி ஓரம் தள்ளிவிட்டு
அறுபத்திரண்டு பிள்ளைகளுக்கும்
ஒற்றைத் தொண்டையில் பாடம் நடத்தியிருக்கிறாள்.
அந்த மாதச் சம்பளம் எனக்கு வந்தது,
ஒரு சென் குறையாமல்.
அவளுக்கும் வந்தது,
ஒரு சென் கூடாமல்.

பள்ளிக்கு எதிரே எண்ணெய் ஆலை.
வாசலில் நிறுவை மேடை.
குலை வெட்டியவன் போன மாதம் கப்பலேறி வந்தவனா,
முப்பது வருசம் இதே மண்ணில் கிடக்கும் சின்னக்கண்ணுவா,
தராசு கேட்பதில்லை.
அதற்காகத் தோட்டம் நியாயமான இடம்
என்று சொல்ல வரவில்லை.
அங்கே இருவருக்குமே குறைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

அப்படியென்றால் என் இருபத்தொரு வருசம்?
இந்தக் கேள்வியும் என்னிடம் இருக்கிறது,
மறைக்க மாட்டேன்.
கழித்தலில் கடன் வாங்கும் இடத்தில்
எந்தப் பிள்ளை இடறி நிற்கிறது என்று
பென்சில் பிடித்திருப்பதைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
வருசம் கொடுத்த கண் அது.
ஆனால் ரக்சன்,
என் வகுப்பில் ஒரு வருசம் வாயே திறக்காதவன்,
அந்த நாற்பது நாளில்
அவளிடம் தண்ணீர் கேட்டிருக்கிறான்,
முழு வாக்கியத்தில்.
இதை எந்தப் படியில் வைத்து
எத்தனை வெள்ளி என்று போடுவார்கள்?

சீட்டை மடித்தேன்.
அவள் மேசையில்
திருத்தாத புத்தகங்களுக்கு அடியில் செருகினேன்.
முகிலரசன் சாரைத் தேடிப் போனேன், பேனாவோடு.
"அது போயி ஏழு வாரம் ஆச்சு டீச்சர்.
தனியா ஒண்ணு எழுதுங்களேன்."

கணிதத் தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
மலாயில்தான் எழுத வேண்டும்.
பலகைச் சுவருக்குச் சொல் கிடைத்தது.
நாற்பது நாளுக்கும் கிடைத்தது.
"நாங்க மட்டும் என்ன" என்று சொன்னதைத்
திரும்ப எடுத்துக்கொள்ளும் சொல்லுக்கு
எந்த மொழியிலும் துழாவிக்கொண்டிருந்தேன்.
மணி அடித்தது.
சுவருக்கு அந்தப் பக்கம்
கம்மிய குரலில்
ஏழோரேழு தொடங்கிவிட்டாள்.